மார்கழியில் வந்த கதவுகள்

“கதவெல்லாம் எங்கம்மா?”

தேவசகாயம் சார் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஜீப்பை விட்டு இறங்கினார். ஒரு கால் சேற்றில் புதைந்தது. அதைப் பிடுங்கி எடுத்து, கழுத்தில் தொங்கிய கேமராவை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். எதிரே வரிசையாக நின்ற தகரக் கொட்டகைகளை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே கதவுக்கு வந்துவிட்டார்.

கொட்டகைகள் புத்தம் புதுசு. தகரம் வெயிலில் கண்ணைக் கூசுகிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் கோலம், கோலத்தின் நடுவே சாணி உருண்டை, அதன் தலையில் பூசணிப்பூ. எல்லாம் இருக்கிறது, கதவைத் தவிர. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் பழைய சேலை தொங்கியது, ஒன்றில் உரச் சாக்கு. இன்னொன்றில் அதுவும் இல்லை, ஓர் ஆட்டுக்குட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இருக்குது சார்” என்றேன்.

“எங்க இருக்கு?”

“பள்ளிக்கூடத்துல.”

“பள்ளிக்கூடத்துல கதவு என்னம்மா பண்ணுது? படிக்குதா?”

பக்கத்தில் நின்ற புஷ்பம் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது என்று இன்றைக்கும் நான் சொல்வேன். இல்லவே இல்லை என்று அவள் சாதிப்பாள்.

புளிச்சோறும் ஒரு கோட்டும்

இந்தத் தொடரை முந்தைய வாரங்களில் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அப்போது கள்ளக்குறிச்சியில் பால்வாடி டீச்சர். வெள்ளம் வந்த வருஷம், நிவாரண வேலை செய்த ஒரு சங்கத்தார் “ஊர் தெரிந்த பெண்பிள்ளை வேண்டும்” என்று தேடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் தெரியுமோ இல்லையோ, எனக்கு வாய் உண்டு. அந்த வேலைக்கு அது போதும்.

கல்வராயன் மலையில் விடாத மழை. கோமுகி ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, வடக்கனந்தலுக்கு மேற்கே ஒரு சிற்றூரின் ஆற்றோரத் தெருவை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது. கூலிக்குப் போகிற ஜனங்கள். மண்சுவர், மேலே கரும்புத் தோகை. தண்ணீர் தொட்டதும் சுவர் கரைந்தது. பகலில் வந்த வெள்ளம் என்பதால் உயிர் ஒன்றும் போகவில்லை, அந்த மட்டும் புண்ணியம். மொத்தத் தெருவும் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் ஏறிக்கொண்டது.

வெள்ள நிவாரணம் என்றால் நம் ஜனங்களுக்குப் புளிச்சோறுதான் நினைவுக்கு வரும். உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர்கள் ஒரு வண்டி நிறைய அனுப்பினார்கள். அரிசி ஆலைக்காரர் அனுப்பினார். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு கொடியோடு அனுப்பினார்கள். எல்லாம் புளிச்சோறு. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், குத்தம்னு நெனைக்காதீங்க. ஒரு முழுங்கு ரசம் கெடைக்குமா?” என்று கேட்டார். பாவம், எனக்கே நாக்கு செத்துப்போயிருந்தது.

துணி கதை தனி. பட்டணத்திலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தால் ஒரு கம்பளிக் கோட்டு! யார் போடுவது? கடைசியில் அது ஒரு சினையாட்டின் முதுகில் ஏறியது. மழைக்காலம் முழுக்க அந்த ஆடு மட்டும் துரை மாதிரி உலாத்தியது.

முதலில் உதவிக்கு வந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் என் கட்டை வேகாது. பக்கத்தில் இருந்த அகதிகள் முகாமிலிருந்து பெண்கள் வந்தார்கள். இலங்கையில் சண்டை முற்றியபோது மன்னார் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள். தங்களுக்குக் கிடைத்த அரிசியில் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளி, ஒரு பெரிய அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார்கள். அண்டாவைச் சுமந்து வந்தவள்தான் புஷ்பம். அன்று வந்தவளை நான் திருப்பி அனுப்பவில்லை. சங்கத்து வேலைக்கே வைத்துக்கொண்டேன்.

காலண்டரைக் கிழிக்காதவர்கள்

சங்கம் கொட்டகை தருவதாகச் சொன்னது. இரும்புச் சட்டம், கூரைக்குத் தகரம், சுற்றிலும் மூங்கில் தட்டி, மரத்தில் வாசக்கால், அதற்கொரு தகரக் கதவு. லாரியில் பாதித் தெருவுக்குத்தான் முதலில் வரும். அவை கட்டி முடித்த பிறகு மீதிப் பாதிக்கு. யாருக்கு முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சண்டை இல்லை.

நாள் குறிக்க ஒரு கூட்டம் போட்டோம். ஊர்த் தலைவர், தலைமையாசிரியர், நான், சங்கத்து ஆள் ஒருவர். அரையாண்டுப் பரீட்சை விடுமுறை, பள்ளிக்கூடம் திறக்கிற தேதி, லாரி வருகிற தேதி என்று எல்லாவற்றையும் இங்கிலீஷ் தேதியிலேயே பேசினோம். டிசம்பரில் குடியேற்றம் என்று முடிவாயிற்று. டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

தெருக்காரர்களே சட்டம் நட்டு, தகரம் ஏற்றினார்கள். மேடான புறம்போக்கில் ஒரு வாரத்தில் வரிசை எழும்பிவிட்டது. வாசக்காலும் கதவும்தான் பாக்கி, அதைக் குடிபோகிற அன்றைக்கு நேரம் பார்த்து வைப்போம் என்றார்கள். குறித்த நாள் காலையில் நான் தேங்காய், கற்பூரம், பால் பாத்திரம் சகிதம் போய் நின்றால் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவுக்கு வாய் அம்மாக்கண்ணு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தில் முன்னால் போகிறவள். சீட்டில் அவளுக்கு முதல் பாதியிலேயே விழுந்திருந்தது.

“இன்னா அம்மாக்கண்ணு, மூட்ட கட்டலியா?”

“எங்க போறதுக்கு டீச்சர்?”

“புது வூட்டுக்குத்தான்!”

“மார்கழி மாசம் எவனாச்சும் வூடு குடி போவானா டீச்சர்? படிச்சவங்க நீங்க. ஒங்க வூட்ல காலண்டர் கிழிக்கறதே இல்லியா?”

எனக்குச் சுருக்கென்றது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பித்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் பூசணிப்பூ வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன். கூட்டத்தில் இருந்த நாலு பேரில் ஒருவர் வீட்டிலும் மார்கழியில் ஓர் அம்மிக்கல்லைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். ஆனால் அடுத்தவர் வீடு என்றதும் ஒருத்தருக்கும் மாதம் ஞாபகம் வரவில்லை பாருங்கள்!

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். ஜனவரியில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், வகுப்பறை வேண்டும். நான் கெஞ்சினேன், கத்தினேன். “ஆபத்துக்குப் பாவமில்லம்மா” என்றேன். “அது ஒங்களுக்கு, எங்களுக்கு இல்ல” என்றார்கள். நல்லது நடக்க வேண்டிய வீட்டில் கெட்ட மாதத்தில் கால் வைக்க மாட்டோம் என்பதில் மொத்தத் தெருவும் ஒரே பிடியாக நின்றது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அம்மாக்கண்ணுதான்.

“வாசக்கா வெச்சாதான டீச்சர் வூடு? வாசக்காலும் வாணாம், கதவும் வாணாம். சும்மா தகரத்து அடியில போய் குந்திக்கிறோம். அது பந்தல். பந்தலுக்கு இன்னா மாசம்? சாவுக்குப் போடறோம், எலெக்சனுக்குப் போடறோம், மாசம் பாத்தா போடறோம்? தை பொறந்ததும் வாசக்கா வெச்சு, கதவு மாட்டி, பால் காச்சிக்கிறோம்.”

ஊர் முழுக்கத் தலையாட்டியது. அன்றைக்கே முதல் பாதிக்காரர்கள் பந்தலுக்குப் போனார்கள். போன அழகைப் பார்க்க வேண்டும். எல்லாரும் இடது காலை முதலில் வைத்து நுழைந்தார்கள். இது குடிபுகுதல் இல்லை என்று சாமிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். மறுநாள் விடிந்ததும் அதே பந்தல் முன்னால் கோலம் வேறு!

“வீடில்லையெண்டு சொல்லிப்போட்டு கோலம் போடுறியள்?” என்று புஷ்பம் சீண்டினாள். “கோலம் தரைக்குத்தான போடறோம், தகரத்துக்கா போட்டோம்?” என்றாள் அம்மாக்கண்ணு. பதிலுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது.

கதவுகள் பள்ளிக்கூடத்திலேயே தங்கின. ஒன்றைச் செங்கல் மேல் படுக்கப் போட்டு காய் நறுக்கினோம். ஒன்றின் மேல் அரிசி மூட்டை. இன்னொன்று செல்விக்குக் கட்டில். இரண்டாம் பாதிக் குடும்பங்களில் ஒருத்தி செல்வி. பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தை பெற்றுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்திருந்தாள். தரையெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது. தாயும் பிள்ளையும் கதவின் மேல்தான் படுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே புஷ்பம் சொன்னாள்: “முகாமில எங்கட கொட்டிலுக்குக் கதவு இருக்குது அக்கா. வந்த நாளிலயிருந்தே இருக்குது. ஆனா நான் பால் காய்ச்சேல்ல. காய்ச்சினா இஞ்சையே இருக்கப் போறம் எண்டு ஆகிடுமெல்லோ. அடுத்த மாசம் ஊருக்குப் போயிடலாம், அடுத்த மாசம் போயிடலாம் எண்டே காலம் போயிட்டுது.”

நான் இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினேன்.

மாட்டுக் கொட்டகைக்குக் கதவு உண்டா?

இப்போது தேவசகாயம் சாரிடம் திரும்புவோம், சேற்றில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

அவர் சங்கத்தின் தலைமை அலுவலகத்து என்ஜினீயர். பட்டணத்து ஆள், சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை. நான் மார்கழிக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. முடிஞ்ச வீட்ட நான் படம் எடுத்து அனுப்பணும். படம் போனாத்தான் அடுத்த லாரி கிளம்பும். கதவு இல்லாத வீட்ட முடிஞ்ச வீடுன்னு எப்படிக் காட்டறது? காட்டலைன்னா மீதிப் பேருக்கு ஒண்ணும் வராது.”

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் செல்வி அந்தப் பச்சை மண்ணோடு ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்க வேண்டும். அவளோடு பாதித் தெரு.

“கதவைச் சும்மா சாத்தி வச்சு ஒரு படம் எடுத்திடுங்கோ சார்” என்றாள் புஷ்பம்.

“சாத்தி வெச்சாலும் வெச்சதுதான், வாணாம்” என்றாள் அம்மாக்கண்ணு.

“அது பொய்ப் படம். நான் எடுக்க மாட்டேன்” என்றார் அவர்.

ஆக, இரண்டு பக்கமும் சத்தியவந்தர்கள், நடுவில் நான்.

“எங்களுக்கு இதுதாம்மா நல்ல மாசம்” என்றார் அவர் கொஞ்சம் இறங்கி. “கிறிஸ்துமஸ் வருது. மாசத்துல என்ன இருக்கு?”

“வரட்டும் சார், நல்லா கொண்டாடுங்க” என்றாள் அம்மாக்கண்ணு. “ஒங்க சாமி மாட்டுக் கொட்டாயிலதான பொறந்துச்சு? கள்ளக்குறிச்சி கோயில்ல பொம்ம வெச்சிருந்தாங்க, பாத்தேன். அந்தக் கொட்டாயிக்கு கதவு இருந்துச்சா?”

ஐயோ, கெடுத்தாளே குடியை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செல்வி பதறி எழப் போனாள். எழ வேண்டாம் என்று கையைக் காட்டினார். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஈரம். அப்புறம் கதவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதில் சங்கத்தின் முத்திரை இருந்தது, அதன்மேல் குழந்தையின் கோவணத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து கொட்டகைகளைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நீளம் அகலம் அளக்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்து ஜீப்பில் ஏறினார். “பார்க்கலாம்மா” என்றார், அவ்வளவுதான். பார்க்கலாம் என்று ஆபீஸ்காரர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

நல்ல கிழமை

எனக்கு மறைத்துப் பேச வராது. அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டி, விஷயத்தைப் போட்டு உடைத்தேன். கதவு மாட்டாவிட்டால் இரண்டாம் பாதிக்குக் கொட்டகை வராது. கூடவே அம்மாக்கண்ணுவையும் நாலு வாங்கு வாங்கினேன்.

மறுநாள் காலையில் முதல் பாதிக்காரர்கள் மொத்தமாக வந்து நின்றார்கள்.

“கதவ மாட்டிடலாம் டீச்சர்” என்றாள் அம்மாக்கண்ணு.

“என்னடி சொல்ற?”

“எங்கப்பன் மார்கழில வாசக்கா வெச்சாரு. தை பொறக்கறதுக்குள்ள எங்கம்மா போய்ச் சேந்துட்டா. அத நெனச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது. ஆனா பச்சப் புள்ளய வெச்சிக்கினு அவ ரோட்ல நிப்பா, நான் தகரத்துக்கு அடியில காலை நீட்டிக்கினு படுப்பனா? வர்றது வரட்டும். மாட்டுங்க.”

நான் அழுதுவிட்டேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் எதிரில் ஓவென்று அழுதேன். கொட்டகையும் தகரமும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தன் பயத்தை விழுங்கிக்கொண்டு இன்னொருத்திக்கு இடம் விட்டவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“அப்போ இன்னிக்கே ஆசாரிய கூப்பிடவா?” என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“இன்னிக்கா? இன்னிக்கு செவ்வாக்கெழம டீச்சர்! வர்ற திங்கக்கெழம வெச்சிக்கலாம்.”

மார்கழியில் மாட்டினாலும் கிழமை நல்லதாக இருக்க வேண்டாமா? நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

திங்கட்கிழமை வருவதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம். ஆரன் சத்தம் கேட்டு ஓடினேன். சட்டங்கள், தகரம், மூங்கில் தட்டிகள் எல்லாம் இறங்கின. இரண்டாம் பாதி ஆண்கள் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். லாரி காலியானது. எட்டிப் பார்த்தேன், அடியில் வைக்கோல்தான் கிடந்தது.

“கதவெல்லாம் எங்கப்பா?” என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

“தேவசகாயம் சார் ஏத்த வாணாம்னுட்டாருங்க. வாசக்காலும் கதவும் தை பொறந்தா போதுமாம். போகியன்னிக்கு தனியா அனுப்பறாராம்.”

அம்மாக்கண்ணு உடனே ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினாள், திங்கட்கிழமை வரவேண்டாம் என்று.

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே செல்வி தன் பந்தலுக்குப் போனாள். இடது காலை வைத்துத்தான்.

பால்

தை முதல் நாள் அந்தத் தெரு இருந்த இருப்பை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. எல்லா வாசக்காலுக்கும் மஞ்சள், குங்குமம், மாவிலை. ஆசாரி ஒரு முனையில் ஆரம்பித்தால் மறுமுனையிலிருந்து “எங்களுக்கு எப்ப?” என்று கத்துகிறார்கள். புதுப்பானைப் புகை, கரும்புச் சக்கை, வெல்லம் கொதிக்கிற வாசனை. ஒரு பக்கம் பொங்கலோ பொங்கல், ஒரு பக்கம் பால் பொங்குகிறது. செல்விக்கு அவள் படுத்திருந்த கதவையே மாட்டினோம், அதில் மட்டும் ஒரு மூலையில் வெளுத்த கறை. அதை மாற்றித் தருகிறோம் என்றோம், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

தேவசகாயம் சாரும் வந்திருந்தார். வலது காலை வைத்து வாங்க சார் என்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இழுத்துப் போனார்கள். அவர் வயிற்றில் எத்தனை வீட்டுப் பொங்கல் இறங்கியதோ தெரியாது.

“அந்தப் படம் என்ன சார் ஆச்சு? எதை அனுப்பினீங்க?” என்று ஓரமாகக் கேட்டேன்.

பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். பார்த்தேன். அத்தனை கொட்டகையும் இருந்தது. புதுத் தகரம், நேரான சட்டம், ஒழுங்கான தட்டி. ஒன்றில் அம்மாக்கண்ணுவின் பெண் சட்டி கழுவுகிறாள். ஒன்றில் கோட்டுப் போட்ட ஆடு. எல்லாம் பின்பக்கமிருந்து எடுத்த படங்கள்!

“பொய்ப் படம் எடுக்க மாட்டேன்னீங்களே சார்?”

“இதுல எதும்மா பொய்? பின்பக்கம் அன்னிக்கே முடிஞ்சிருந்துச்சு. முன்பக்கத்தப் பத்தி ஆபீஸ்ல யாரும் கேட்கல, நானும் சொல்லல” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பொங்கலுக்கு இலையை நீட்டினார்.

அவரை அம்மாக்கண்ணு தன் கதவுக்கு முன்னால் நிற்க வைத்தாள். இந்தத் தடவை முன்பக்கம்தான் எடுக்க வேண்டும் என்று கேமராவைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். நான் எடுத்த படத்தில் இரண்டு பேருக்கும் தலை விழவில்லை, அதை விடுங்கள். கதவு நன்றாக விழுந்திருந்தது.

வெயில் சாயும்போது புஷ்பத்தைத் தேடினேன். அவள் அம்மாக்கண்ணுவின் அடுப்புப் பக்கம் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். காய்ச்சாமல் மீந்திருந்த பச்சைப் பாலை அம்மாக்கண்ணு அதில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, டீக்கா?” என்றேன்.

“இல்லை அக்கா.” வாளியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடியும் அழுத்தினாள். “கொட்டிலுக்குக் கொண்டு போறன். கதவு பழசுதான். பரவாயில்லை, இண்டைக்குக் காய்ச்சுவம்.”

நானும் அவளோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க வாளி தளும்பாமல் இருவரும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டோம்.